நாதனின் வேனுக்கு ஊற்றிய தண்ணீர்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முப்பத்தொரு வருடமாக என் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் புத்திமதி இதுதான். உள்ளே கொதிக்கிற நீர் முகத்தில் அடித்தால் கண் போய்விடும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, மூடி மேல் ஒரு துணியைப் போட்டு, மெதுவாகத் திருக வேண்டும். இந்தப் புத்திமதிக்கு நான் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

சார்ஜன் முகுந்தன், போலீஸ் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம், மலாயில் பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்றீர்கள். பாலில்லாத தே ஓ ஒன்று வாங்கி வைத்தீர்கள், நான் கேட்காமலே சீனி குறைவாக. இந்த மாதிரிச் சின்னச் சின்ன அன்பில்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். அதனால் உங்களிடம் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் தம்புசாமி. வயது அறுபத்து மூன்று. காப்பாரில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் தகரக்கூரை போட்ட பட்டறை என்னுடையது. வாசலில் ஒரு தண்ணீர்க் குழாயும் டயருக்குக் காற்றடிக்கும் பம்பும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவேன். அசைவம் விட்டுப் பதினேழு வருடமாகிறது. என் மனைவி பவுனம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஐந்து வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். முதல் நான்கு வருடம் நான்தான் பட்டறையை மூடிவிட்டு அவளை என் மோட்டார் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்து, பிழிந்து போட்ட துணிபோல வருகிறவளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வருவேன். ஒரு நாள் தவறியதில்லை. இதை யாரும் பெரிதாகச் சொன்னதுமில்லை. கட்டிய மனைவிக்குச் செய்வதைப் போய் யார் சொல்வார்கள்?

போன வருடம் கமலநாதன் வந்தான். மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னைவிட மூன்று வயது இளையவன். கையில் கிடைத்த பணத்தில் இருபத்து மூன்று வருடப் பழைய வேன் ஒன்றை வாங்கினான். எங்கள் பக்கத்து டயாலிசிஸ் நோயாளிகளை அதில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என்று முடிவெடுத்தான். காசு கிடையாது.

"தம்பு அண்ணே, அக்காவையும் நான் ஏத்திக்கிறேன். நீங்க பட்டறையப் பாருங்க லா. போற வழிதானே" என்றான்.

நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அது மனதார வந்த நன்றி.

முதல் வாரத்திலேயே ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். பவுனம்மாள் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். களைப்பு அதே களைப்புதான். ஆனால் செருப்பைக் கழற்றும் முன்பே கதை ஆரம்பித்துவிடும்.

"நாதன் தம்பி இன்னிக்கு என்ன செஞ்சிச்சு தெரியுமா? சின்னையாவ பாட்டுப் பாட வச்சிருச்சு. அந்த மனுஷன் பாடுனா தவளை கத்துற மாதிரி இருக்கு. வள்ளியம்மா சிரிச்சே பாதி உசுரு போச்சு."

சின்னையாவும் வள்ளியம்மாவும் அந்த வேனில் போகிற மற்ற இரண்டு நோயாளிகள். நான் ஏற்றிக்கொண்டு போன நான்கு வருடத்தில் எங்கள் காடியில் யாரும் பாடியதில்லை. பாட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்தத் தலையணை வந்தது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஒரு கையில் ஊசி ஏறுகிற இடம் எப்போதும் வலித்துக்கொண்டிருக்கும். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் உயிர் போகும். நாதன் அதைக் கவனித்துத் தன் மனைவி ரமணியிடம் சொல்லி, கைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு மஞ்சள் தலையணை தைத்து வாங்கி வந்தான். அதைத் தன் பக்கத்து சீட்டில், பவுனம்மாள் உட்காருகிற இடத்தில் வைத்தான். அவள் அதை எனக்குக் காட்ட ஒரு நாள் வீட்டுக்குள் எடுத்து வந்தாள்.

"பாருங்க. எவ்வளவு சின்ன விஷயம். நாலு வருஷத்துல நமக்குத் தோணலையே."

நமக்கு என்றுதான் சொன்னாள். அவள் நல்லவள்.

அதற்குப் பிறகு வீட்டில் வடை சுட்டால் முதல் ஈடு ஒரு டின்னுக்குள் போய்விடும். நாதன் தம்பிக்கு. இரண்டாம் ஈடுதான் எனக்கு. ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை, சார்ஜன். முப்பத்தெட்டு வருடம் முதல் ஈடு தின்றவன் என்பதால் சொல்கிறேன். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை வருத்தம் என்றே சொல்வேன்.

ஆயுத பூசைக்கு நாதன் வேனை என் பட்டறையில் நிறுத்தித்தான் பூசை போட்டான். மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசை முடிந்ததும் ரமணி கும்பத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை எடுத்து வந்து, முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி, ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவில் ஒரு செம்பு ஊற்றினாள்.

"மனுஷனுக்குத் தீர்த்தம் குடுக்குறோம். பாவம், வண்டி நாள்பூரா ஓடுது, அதுக்கும் குடுக்க வேணாமா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரால் எந்த எஞ்சினும் கெட்டுப்போகாது. அன்றைக்கே எனக்கு அது தெரியும். இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் இது தேவைப்படும்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் நாதன் வந்து, தண்ணீர் அடிக்கடி குறைகிறது என்றான். வேனுக்கு அடியில் அட்டையை விரித்துப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. ரப்பர்க் குழாய்களைத் தடவிப் பார்த்தேன். தண்ணீர் பம்பைப் பார்த்தேன். எங்கேயும் ஈரமில்லை, காய்ந்த உப்புக்கறையும் இல்லை. வெளியே ஒழுகாத தண்ணீர் உள்ளேதான் போக வேண்டும்.

டப்பாவைத் திறந்தேன். பச்சையாக இருக்க வேண்டிய கூலண்ட் தண்ணீர், பால் கலந்த தே தாரிக் நிறத்தில் இருந்தது. இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தேன். வழுக்கியது. எண்ணெய் கலந்திருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாகப் பால் ஏடு படிந்திருந்தது. எஞ்சினை முடுக்கிய ஒரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல்லாக இறுகியது. பின்னால் வெள்ளைப் புகை, அதில் லேசான இனிப்பு வாசனை. எஞ்சினுக்குள் தண்ணீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கிற தகடு, ஹெட் காஸ்கெட், போய்விட்டது என்று புரிந்துகொள்ள இதற்கு மேல் எதுவும் வேண்டாம். எஞ்சின் தலையைக் கழற்றிப் புதுக் காஸ்கெட் போட மூன்று நாள் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

"என்ன அண்ணே, தண்ணி கலர் மாறிப் போச்சு?" என்று நாதன் எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல நாதா. ஒன் சம்சாரம் ஊத்துன மஞ்சத் தண்ணி லா."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப இது சாமி தண்ணி. கீழ ஊத்திடாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

அவ்வளவுதான் நடந்தது. நான் பொய் சொல்லத் திட்டமிட்டுப் போகவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவன் சந்தோஷமாகப் போனான். உண்மையைச் சொல்லியிருந்தால் வருத்தமாகப் போயிருப்பான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் கோயிலுக்குப் போகிற வழியில் பட்டறைக்கு வருவான். நான் தண்ணீர் நிரப்பிவிடுவேன். வாரத்தின் நடுவில் வந்தாலும் நிரப்புவேன். "நீ மூடியத் தொறக்காத நாதா, ஆவி அடிச்சா மூஞ்சி போயிரும். என்கிட்ட கொண்டா" என்று சொல்லி வைத்திருந்தேன். முதலில் எழுதினேனே, அதே புத்திமதி. அவன் அதைக் கடைசி வரை மீறவில்லை. போகிற இடமெல்லாம், "தம்பு அண்ணே இருக்குற வரைக்கும் என் வண்டி தாகத்தோட நிக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் நான் அந்த வேனுக்கு ஹெட் காஸ்கெட் வாங்கினேன். கிள்ளானில் ஒரு கடையில் என் சொந்தச் செலவில். அடுத்த வாரம் போட்டுவிடலாம் என்றுதான் வாங்கினேன். பட்டறைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்து ஆணியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இன்றைக்கும் தொங்குகிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம். என் மனது எப்படிப்பட்டது என்பதற்கு அது ஒரு சாட்சி.

போட்டிருப்பேன். நடுவில் பங்குனி உத்திரம் வந்துவிட்டது.

அன்று அன்னதானத்துக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் நாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முந்நூறு பேர் இருந்தார்கள். பவுனம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து, வலிக்கிற கையைக்கூடப் பார்க்காமல் கைதட்டினாள். நானும் தட்டினேன். நாதன் ஒலிபெருக்கியில் ஒன்றும் பேசவில்லை. மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தான். போட்ட பொன்னாடையைக் கழற்றி என் தோளில் போர்த்தினான்.

"வண்டிய நான் ஓட்டுறேன். ஓட வைக்கிறது இவருதான்" என்று சத்தமாகச் சொன்னான்.

மண்டபமே கைதட்டியது. பவுனம்மாள் அழுதாள். அவள் கண் அவன்மேல்தான் இருந்தது. எனக்குப் பொன்னாடை கொடுக்கிற அளவுக்கு அவன் எவ்வளவு நல்லவன் என்று பார்த்து அழுதாள்.

அடுத்த வாரம் நாதன் வெப்பமானி முள் மேலே ஏறுவதாகச் சொன்னான். நான் எஞ்சின் பக்கம் குனிந்து, வெப்பத்தைச் சொல்கிற சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, கருப்பு டேப் சுற்றி மேலே மடக்கி வைத்தேன். முள் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"முள்ளு தூங்கிருச்சு அண்ணே."

"எஞ்சினு ஜில்லுன்னு இருக்கு நாதா. பயப்படாத."

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்டீர்கள். வண்டி ஒரு நாள் நடுவழியில் நிற்கும், நோயாளிகள் மணி தவறிப் போய்ச் சேருவார்கள், வீட்டுக்காரர்கள் ஏசுவார்கள் என்று நினைத்தேன். இவனை நம்ப முடியாது, பழையபடி அவரவர் மனிதர்களே ஏற்றிக்கொண்டு போவது நல்லது என்று ஊர் சொல்லும். பவுனம்மாளும் என் காடிக்கு வந்துவிடுவாள். ஒரு கணவன் தன் மனைவியைத் தானே கவனித்துக்கொள்ள ஆசைப்படுவது பாவமா?

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை. நாதன் வழக்கம்போல வந்தான். ரமணி கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கல் ஒரு டப்பாவில் இருந்தது. எனக்குப் பிடிக்கும் என்று முந்திரி கூடப் போட்டிருந்தாளாம். எஞ்சின் சத்தம் தட்டுச் சத்தமாக மாறியிருந்தது. அவன் அதை வயசான வண்டியின் இருமல் என்று நினைத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஆறியதும் துணி போட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே வறண்டு கிடந்தது. நாதன் அந்தப் பக்கம் நின்று முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். வாளி காலி. குழாய் நான்கடி தூரத்தில்தான் இருந்தது. காலி வாளியை டப்பாவின் மேல் சாய்த்துப் பிடித்தேன், ஊற்றுகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம். பிறகு மூடியைத் திருகினேன்.

"ஆச்சா அண்ணே?"

"ஆச்சு நாதா. போய்ட்டு வா."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பவுனம்மாள் வடை டின்னோடு வாசலில் நின்றிருந்தாள். இன்றைக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன்.

"எதுக்கு? நாதன் தம்பி வந்துக்கிட்டு இருக்குமே."

"வரவேணாம்னு போன் போட்டுட்டேன். சும்மா, ஆசையா இருக்கு."

அவள் என் காடியில் ஏறினாள். தலையணை நாதனுடைய வேனில் இருந்தது. அவள் ஊசிக் கையை மறு கையால் தாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நாதன் சின்னையாவையும் வள்ளியம்மாவையும் ஏற்றிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இருபது நிமிடத்தில் வந்திருக்கிறான். கிள்ளானுக்குப் போகிற வழியில் சாலை வேலை நடக்கிற இடம் உங்களுக்குத் தெரியும், சார்ஜன். அங்கே ஒதுங்குவதற்குக் கரை கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லோரிகள் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி ஓடும். முப்பத்தொரு வருடமாக அந்தச் சாலையில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வந்தவன் நான். வண்டி நிற்பதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. காப்பாரிலிருந்து வறண்ட எஞ்சின் எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்டால், ஏறக்குறைய அங்கே வரை என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

எஞ்சின் அங்கேதான் இறுகியது. நாதன் முதலில் சின்னையாவைத் தூக்கிப் புல்பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தான். பிறகு வள்ளியம்மாவை. வெயிலுக்குக் குடையை விரித்துக் கையில் கொடுத்தான். வள்ளியம்மா கை வலிக்கிறது என்று முனகியிருக்கிறாள். "இருங்கம்மா, தலகாணி எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் கிடந்த அந்த மஞ்சள் தலையணையை எடுக்கத் திரும்பிப் போனான். கதவைத் திறந்து குனிந்தபோது பின்னால் வந்த லோரி வேனை இடித்தது.

நீங்கள் லோரிக்காரனைப் பிடித்து விசாரித்தீர்கள். வேன் பழையது, நின்றுவிட்டது என்று எழுதினீர்கள். அப்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக வந்து சொல்லவும் தோன்றவில்லை.

நாதனின் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் போயிருந்தோம். ரமணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அண்ணே, நான்தான் அவரக் கொன்னுட்டேன். என் மஞ்சத் தண்ணியாலதான் வண்டித் தண்ணி கலர் மாறிப்போச்சுன்னு நீங்க சொன்னத அவர் வீட்டுல வந்து சிரிச்சு சிரிச்சு சொன்னாரு. நான் அப்பவே கேட்டிருக்கணும். சாமிக்கு வச்சத வண்டியில ஊத்துனேனே, பாவி."

அன்றிலிருந்து அவள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. கும்பத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம்.

"விதி தங்கச்சி" என்று சொன்னேன். அவள் தலையில் கைவைத்தேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பவுனம்மாள் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு செம்பு மஞ்சத் தண்ணி மூணு மாசம் கழிச்சும் கலர் காட்டுமா?"

நான் எழுந்து மின்விசிறியைப் போட்டேன்.

"ஆணியில தொங்குதே, அந்தச் சாமான் எந்த வண்டிக்கு?"

ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தேன்.

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஏன் என்னைய வேன்ல ஏற விடல?"

கட்டிய மனைவியை ஏற்றிக்கொண்டு போகக் காரணம் வேண்டுமா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய் அவள் என் காடியில் ஏறவில்லை. நாதனின் மகள் மாதவி தன்னுடைய சின்னக் காடியில் வந்து மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போகிறாள். வேலைக்கு மதியத்துக்கு மேல் போய்க்கொள்கிறாளாம். தலையணையும் அவளிடம்தான் இருக்கிறது. துவைத்தும் கறை முழுதாகப் போகவில்லை என்று ஒரு பழைய சட்டைத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். அந்தச் சட்டை நாதனுடையது.

இன்று காலை பவுனம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். "ரமணி வீட்டுல வெளக்கு எரியல. அத அணைச்சது நீங்க. போய் ஏத்திட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதனால்தான் வந்திருக்கிறேன். நாதன் வேனின் ஹெட் காஸ்கெட் போனது எனக்குத் தெரியும். பொய் சொன்னேன், ஒயரைப் பிடுங்கினேன், கடைசி வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றவில்லை, என் மனைவியை மட்டும் அந்த வேனிலிருந்து இறக்கிக்கொண்டேன். மஞ்சள் தண்ணீருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரமணியிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவள் விளக்கேற்றட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். வேன் நின்ற பிறகு நாதன் பத்திரமாகப் புல்பக்கம் நின்றுகொண்டிருந்தான். தலையணையை எடுக்கத்தான் திரும்பப் போனான். ரமணி அதைத் தைக்காமல் இருந்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான். இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், சார்ஜன். பாவம், தாங்கமாட்டாள். அவளுக்கு என்னால் செய்ய முடிகிற சின்ன உதவி இதுதான்.